கேட்கச் சொன்னோரைக் கேட்கலாகாதோ?

திண்டிவனம் என்னும் பெயருக்குப் புளியங்காடு என்று பொருள் கூறுவர். திந்திரிணி என்பது புளியைக் குறிக்கும் வடசொல். புளியமரமென்றால் பேயும் கூடவே வரும் என்று அஞ்சிய காலம் ஒன்றிருந்தது. பொழுது சாய்ந்தபின் அம்மரத்தடியில் நடக்கவே நம் பாட்டன்மார் தயங்கினர். அக்காலத்தில் நள்ளிரவில் பாயை விரித்து அம்மரத்தடியிலேயே உறங்கி எழுந்து, பேயுமில்லை பிசாசுமில்லை என்று ஊராருக்குக் காட்டிய கருஞ்சட்டைத் தோழர்களைப் பற்றி முதியோர் சொல்ல நாம் இளமையிற் கேட்டதுண்டு. அத்துணிவை நாம் மதிக்கிறோம்.

சென்ற ஆண்டு ஷஅபான் மாதத்தில் ஒரு மாலை, அஸருக்குப் பின், விழுப்புரத்தில் நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸாவின் திண்ணைக்கு ஓர் இளைஞர் வந்து நின்றார். அவர் திண்டிவனத்துக்காரர், பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் குர்ஆனும் சிறிது அரபு இலக்கணமும் ஓதியவர். பின்னர்க் கல்லூரிக்குச் சென்று, அங்கே ஒரு பகுத்தறிவுக் குழுவிற் சேர்ந்து, கடவுள் மறுப்பாளரானார். அவருடைய அத்தா அவரோடு பேச்சை நிறுத்தி ஏழாண்டாகிறது.

"ஹஜ்ரத், நான் தொழ வந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். எனக்கு ஒரு கேள்விக்கு விடை வேண்டும்" என்றார்.

"உட்காருங்கள் தம்பி, முதலில் தேநீர் அருந்துங்கள்" என்றோம்.

அவர் சொன்ன வரலாறு இது. குழுவின் கட்டட நிதிக்கு அவரே தெருத்தெருவாய் உண்டியல் ஏந்திப் பணம் திரட்டியிருக்கிறார். மூன்றாண்டு கழித்து அதன் வரவு செலவைக் கேட்டார். ஒருவரே ஏன் இருபதாண்டாகப் பொறுப்பில் இருக்கிறார் என்றும் கேட்டார். அடுத்த கூட்டத்துக்கு அவருக்கு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த கூட்டத்துக்கு அழையாமலே சென்றபோது மூத்த தோழர் ஒருவர் எழுந்து, 'பிறந்த புத்தி போகுமா?' என்றாராம். பிறப்பால் மனிதரை அளக்கலாகாது என்று மேடைதோறும் முழங்கும் குழுவில், ஒரு முஸ்லிம் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த விடை அது!

"கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தவர்கள் என் கேள்வியை மட்டும் ஏன் பொறுக்கவில்லை ஹஜ்ரத்?"

இவ்வினாவைப் பல நாள் நெஞ்சிற் போட்டு எண்ணினோம். எண்ணியதையே ஈண்டு எழுதுகின்றோம்.

நாம் பட்ட கடன்

முதற்கண் ஒன்று சொல்லிவிட வேண்டும். சுயமரியாதை இயக்கத்தின்பால் தமிழ் முஸ்லிம்களுக்கு நன்றிக்கடன் உண்டு. 1925இல் ஈரோட்டில் 'குடிஅரசு' இதழைத் தொடங்கிய ஈ.வெ.ரா. பெரியார் அவர்கள், கடவுள் இல்லை என்று சொன்னவராயினும், மீலாது மேடைகளில் ஏறி, பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்ற இஸ்லாத்தின் கொள்கையைப் போற்றிப் பேசியவர். இன இழிவிலிருந்து விடுபட விழைவோர்க்கு இஸ்லாமே நன்மருந்து என்று 1947இல் துணிந்து கூறியவர். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைத் துறக்கவும் பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வழங்கவும் தீர்மானித்தது. இஸ்லாம் பெண்ணுக்குச் சொத்துரிமை தந்ததை நூலிற் படித்துவிட்டு, வீட்டில் சகோதரிக்குப் பங்கு கொடாத நம்மவர் பலருக்கு, அம்மாநாட்டுச் செய்தி வெட்கத்தைத் தந்திருக்க வேண்டும்.

ஆகையால் இக்கட்டுரை கடவுள் உண்டா இல்லையா என்னும் வாதத்தில் இறங்காது. கேள்வி ஒன்றையே கொடியாக உயர்த்திய ஓர் இயக்கம், தன் கூடாரத்துக்குள் கேள்வியை எவ்வாறு நடத்தியது என்பதே நம் பொருள்.

ரஷீதிய்யா தரும் அளவுகோல்

எதைக்கொண்டு அளப்பது? நம் மதரஸாக்களில் முனாஸரா என்றொரு கலை ஓதிக்கொடுக்கப்படுகிறது. வாதிடுவோர் எவ்வாறு வாதிட வேண்டும் என்னும் ஒழுங்குமுறை அது. ஜவுன்பூர் அப்துர் ரஷீத் அவர்கள் இயற்றிய ரஷீதிய்யா அதற்குரிய பாடநூல்களுள் ஒன்று. உரையாடல் மூவகைப்படும் என்பது அந்நூல் வழி நாம் ஓதியது. இரு சாராரும் உண்மை வெளிப்பட வேண்டும் என்று பேசுவது முனாஸரா. எதிரியை வாயடைக்கப் பேசுவது முஜாதலா. உண்மையும் வேண்டாம், வெற்றியும் வேண்டாம், தன் பெருமை ஒன்றே வேண்டும் என்று அடம்பிடிப்பது முகாபரா.

கேட்பவனுக்கு அக்கலை மூன்று உரிமைகளை வழங்குகிறது. 'நீர் சொன்ன இந்தக் கூற்றுக்கு ஆதாரம் என்ன?' என்று தடுத்துக் கேட்கலாம். 'உமது ஆதாரம் இன்னின்ன இடத்தில் உடைகிறது' என்று காட்டலாம். 'உமது முடிவுக்கு மாறான முடிவுக்கு இதோ என் ஆதாரம்' என்று எதிர் நிறுத்தலாம். சொன்னவன் விடையளிக்கக் கடமைப்பட்டவன். கேட்டவனின் குலத்தையும் குணத்தையும் உள்நோக்கத்தையும் ஆராய்வது அங்கே விடையாகாது.

பகுத்தறிவாளர்க்கு மதரஸாவின் அளவுகோல் பொருந்துமா என்று சிலர் கேட்கலாம். நான் சொல்வதால் மட்டும் நம்பாதீர்கள், உங்கள் அறிவைக்கொண்டு ஆராய்ந்து கொள்ளுங்கள் என்று கூட்டந்தோறும் சொல்லி முடித்தவர் பெரியார். எனவே இது அவர்தம் அளவுகோலுமாகும். இதைக்கொண்டே அளப்போம்.

1949இல் நடந்தது

1938 நவம்பர் 13ஆம் நாள் சென்னையிற் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடுதான் ஈ.வெ.ரா. அவர்களைப் 'பெரியார்' என்றே வழங்க வேண்டுமெனத் தீர்மானித்தது. பொருந்தா மணத்தையும், முதியவர் இளம் பெண்ணை மணப்பதையும் அவர் இயக்கம் இடித்துரைத்து வந்தது. அவ்வியக்கத்தின் தலைவர், எழுபது வயதை எட்டும் நிலையில், 1949 ஜூலை 9ஆம் நாள், தம்மினும் பல்லாண்டு இளையவரான மணியம்மையாரை மணந்தார். இயக்கத்தின் உடைமைக்கும் பணிக்கும் நம்பத்தக்க ஒருவரைச் சட்டப்படி வாரிசாக்க வேண்டியிருந்தது, அதற்கு இதுவே வழி என்பது அவர் தந்த விளக்கம்.

அம்மணத்தைப் பழித்துரைப்பது நம் நோக்கமன்று. வயது வந்த இருவர் உளமொப்பிச் செய்துகொண்ட காரியம் அது. மணியம்மையாரும் 1973இல் பெரியார் மறைந்தபின் தலைமையேற்று, நெருக்கடிநிலைக் காலத்தின் தொல்லைகளையும் தாங்கி, 1978இல் தாம் மறையும்வரை உழைத்தவர். நாம் பார்ப்பது கேள்வி நடத்தப்பட்ட விதத்தையே. திருமணத்துக்குச் சில வாரங்கள் முன்பு, மே மாதத்தில், நம் பக்கத்து ஊராகிய திருவண்ணாமலையில் அவர் ராஜாஜியைத் தனியே சந்தித்தார். கொள்கையிலே நேரெதிரானவரிடம் பேசிய பேச்சு என்னவென்று கழகத் தோழர்கள் கேட்டபோது, அது தம் சொந்த விஷயம் என்பதே விடையாக வந்தது. இயக்கத்தின் வாரிசைத் தேர்ந்தெடுப்பது தலைவரின் சொந்த விஷயமெனில், இயக்கத்துக்கு நிதியும் நேரமும் ஈந்த ஆயிரமாயிரம் தோழர்கள் யாவர்?

வெளியேறியோர் அதே ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள், பெரியார் பிறந்த நாளிலேயே, திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தோற்றுவித்தனர். கண்ணீர் உகுத்துப் பிரிந்த அவர்களுக்குத் தாய்க்கழகம் இட்ட பெயர் 'கண்ணீர்த்துளிகள்'. அவர்கள் எழுப்பிய வினா, வாரிசு ஏற்பாடு பொதுக்குழுவில் வைக்கப்படாதது ஏன் என்பது. அதற்குரிய விடைக்கு மாறாக ஏளனப் பெயர் கிடைத்தது. பதவியாசை என்ற பட்டமும் கிடைத்தது. ரஷீதிய்யாவின் மொழியில் இஃது எவ்வகை என்று வாசகரே தீர்மானிக்கலாம்.

தேவதாசி முறையின் கொடுமையைத் தம் வாழ்விலேயே கண்டு அதை ஒழிக்கப் போராடி, 1936இல் அதுபற்றி நாவலும் எழுதிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் இம்மணத்தை ஒப்பாது விலகியவர்களுள் ஒருவர். கால் நூற்றாண்டு உழைத்த அம்மையாருக்கும் பதவி மோகமா? 1930களின் நடுவில், சமதர்மத் திட்டத்தை இயக்கம் கைநெகிழ்த்தபோது சிங்காரவேலரும் ஜீவானந்தமும் தனிவழி சென்றதையும் ஈண்டு நினைக்க வேண்டும். உள்ளே நின்று கேட்டு, உள்ளேயே விடை பெற்று, உள்ளேயே தொடர்ந்த பெரிய மனிதர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் விரல்கள் மிஞ்சும்.

பிரிந்து சென்றோரும் அந்நோயை உடன் எடுத்துச் சென்றனர். புதுக்கட்சியின் தலைவர் நாற்காலி பெரியாருக்கென்றே வெறுமையாக விடப்பட்டு, 1969 வரை நிரப்பப்படவில்லை. நன்றியுணர்ச்சி என்று அதைப் போற்றுவர். நாமும் ஒப்புகிறோம். ஆயினும் பேயில்லா மரத்தைக் காட்டியவர்கள், ஆளில்லா நாற்காலி ஒன்றைக் கட்சி நடுவே வைத்து இருபதாண்டு வணங்கி நின்றார்கள் என்பதும் மெய்தானே!

விழுப்புரத்துப் பிள்ளை

விழுப்புரத்திற் பிறந்த ஒருவரின் கதையையும் கேளுங்கள். கணேசன் என்னும் நாடக நடிகர், அறிஞர் அண்ணா எழுதிய நாடகத்தில் சிவாஜி வேடந்தாங்கி நடித்ததைக் கண்டு, 'சிவாஜி' என்று பெயரிட்டு அழைத்தவர் பெரியார். அவரே பின்னாளில் சிவாஜி கணேசன் எனப் புகழ்பெற்றார். தி.மு.க.வின் மேடைகளுக்கு ஒளியூட்டிய அவர், 1950களின் நடுவில் ஒருமுறை திருப்பதி சென்று வந்தார். சென்றது தெரிந்ததுதான் தாமதம்! நேற்றுவரை மாலையிட்ட தோழர்களே அவர் திரைப்படச் சுவரொட்டிகளை அவமதித்தனர். மேடைகளிலும் இதழ்களிலும் ஏளனம் செய்தனர். அவர் கட்சியை விட்டே அகன்றார்.

அண்ணாவின் கட்சி அக்காலத்திலேயே கடவுள் மறுப்பின் கடுமையைத் தளர்த்தி, இறைவன் ஒருவன் என்ற அளவில் இசைந்து போகத் தொடங்கியிருந்தது. கட்சி தளரலாம், தனிமனிதன் தளரலாகாது என்பது என்ன நியாயம்? 'ஏன் சென்றீர், உமது உள்ளத்தில் நேர்ந்த மாற்றம் யாது?' என்று அவரை அமர்த்திக் கேட்டவர் உண்டா? மதத்தை விட்டுச் செல்பவனை மதவாதிகள் துரத்துகிறார்கள் என்று குற்றஞ்சாட்டுபவர்கள், மதத்தின் பக்கம் ஒருநாள் எட்டிப் பார்த்தவனைத் துரத்தினார்கள். துரத்தும் முறையிலே வேற்றுமை கண்டோமில்லை.

நீதிமன்றம் ஏறிய நூல்கள்

பெரியார் மறைந்தபின் நிகழ்ந்தது இன்னும் வியப்புக்குரியது. 1978இல் கி. வீரமணி அவர்கள் திராவிடர் கழகத்தின் தலைமைக்கு வந்தார். கல்வி நிறுவனங்களை வளர்த்ததிலும் இடஒதுக்கீட்டுக்காக வாதாடியதிலும் அவர் உழைப்பு பெரிது. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ள நம் சமுதாயமும் அதனாற் பயன் பெற்றதே. ஆயினும் நாற்பதாண்டுக்கும் மேலாக ஒருவரே தலைமையில் நீடிப்பது, கேள்வியையே மூலதனமாகக் கொண்ட இயக்கத்துக்கு ஏற்ற நடைமுறைதானா?

கழகத்திலிருந்து பிரிந்தோர் பெரியார் திராவிடர் கழகம் என இயங்கினர். 1925 முதல் 1938 வரை குடிஅரசில் வெளிவந்த பெரியாரின் எழுத்தையும் பேச்சையும் ஆண்டு வரிசையில் திரட்டி, 27 தொகுதிகளாக வெளியிட அவர்கள் முனைந்தனர். அதைத் தடுக்க 2008இல் வழக்குத் தொடுத்தவர் யார்? சனாதனிகளா? பெரியார் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனமே வழக்காடியது! பதிப்புரிமை எமக்கே உரியது, பிறர் வெளியிட்டால் பிழையும் திரிபும் நேரும் என்பது அவர்கள் வாதம். 2009இல் சென்னை உயர் நீதிமன்ற நீதியரசர் கே. சந்துரு தடை விதிக்க மறுத்தார். 2010இல் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. நூல்கள் வெளிவந்தன.

பிழை நேருமென்ற அச்சம் முற்றும் பொய்யென்று நாம் கூறமாட்டோம். மூலத்தைப் பிழையறக் காப்பதன் அருமை ஹதீஸ் கலை பயின்ற எமக்குத் தெரியும். ஆனால் நம் முன்னோர் மூலத்தைக் காத்த வழி, அதை எல்லார் கையிலும் கொடுத்து, அறிவிப்பாளர் ஒவ்வொருவரையும் ஆராயும் உரிமையையும் கூடவே கொடுத்தது. பூட்டி வைத்துக் காக்கவில்லை. வேதத்தைச் சூத்திரன் கேட்கலாகாது என்று விதித்தோரை ஆயுள் முழுதும் எதிர்த்தவரின் எழுத்தை, இன்னார்தாம் அச்சிடலாம் என்று வழக்காடியது வரலாற்றின் கொடிய கேலிகளுள் ஒன்று.

வழக்கில் வென்ற பெரியார் திராவிடர் கழகமாவது ஒன்றாய் நின்றதா? 2012இல் தந்தை பெரியார் திராவிடர் கழகம் என்றும், திராவிடர் விடுதலைக் கழகம் என்றும் இரண்டாயிற்று. ஒவ்வொரு செப்டம்பர் 17ஆம் நாளும் ஒரே சிலைக்கு வெவ்வேறு கழகத்தார் தனித்தனியே மாலை சூட்டுகின்றனர். சிலைக்கு மாலையிடுவது நன்றிக்கு அடையாளம், வழிபாடன்று என்பர். அங்ஙனமே ஆகுக. தர்காவிற் போர்வை சாத்தும் நம் பாமர முஸ்லிமும் அதையேதான் சொல்கிறான். அவனைப் பார்த்து நகைப்பவர் சற்று நிதானிக்க வேண்டும்.

பெரியார் காலனி

இனிச் சொல்வதை எழுதக் கை தயங்குகிறது. 1978 ஜூலை மாதம் விழுப்புரத்தில் மூண்ட சாதிக் கொடுமையில் தாழ்த்தப்பட்ட மக்கள் பன்னிருவர் கொலையுண்டனர். அவர்கள் வாழ்ந்த குடியிருப்பின் பெயர் பெரியார் காலனி. அக்கொலைகளுக்கு எந்தப் பகுத்தறிவு இயக்கத்தையும் நாம் பொறுப்பாக்கவில்லை. அங்ஙனம் சொல்வது அவதூறாகும். ஆயினும் ஒரு பெருந்தலைவரின் பெயரைச் சூட்டிவிட்டால் அவர் கொள்கையும் வந்து குடியேறிவிடும் என்ற நினைப்பு எத்துணை மடமை என்பதை நம் ஊர் கண்ணாரக் கண்டது.

இதனால்தான், சாதி ஒழிப்பு இயக்கத்தில் தலித் மக்களுக்கு எந்த இடம் கிடைத்தது என்று தலித் எழுத்தாளர்கள் பிற்காலத்தில் வினவினர். அவர்களுள் முன்நின்றவர் ரவிக்குமார். 2019லும் 2024லும் இதே விழுப்புரம் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவர் எழுதியவற்றில் மறுக்கத்தக்கன இருக்கலாம். மறுக்கட்டும், ஆதாரங்காட்டி மறுப்பதற்குத்தானே பகுத்தறிவு? ஆனால் அன்று எழுந்த ஆரவாரத்தில் விடையினும் வசவே மிகுந்து ஒலித்தது. பார்ப்பனருக்குத் துணைபோகிறார் என்று ஒருவரைச் சொல்லிவிட்டால் அவர் கேட்ட வினா செத்துவிடுமா? திண்டிவனத்து இளைஞரிடம் 'பிறந்த புத்தி' என்று சொன்ன வாயும் இந்த வாயும் ஒன்றே.

கடல் கடந்தும் இதுவே

தமிழ்நாட்டோரை மட்டும் குறை கூறுவதாக யாரும் எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 1976இல், சோதிடம், ஆவி, மாயம் முதலிய கூற்றுகளை அறிவியல் வழியில் ஆராய்வதற்கென அறிஞர் குழு ஒன்று எழுந்தது. தத்துவப் பேராசிரியர் பால் குர்ட்ஸ் அதன் முதல்வர். அவரோடு இணைத்தலைவராயிருந்த சமூகவியலறிஞர் மார்செல்லோ ட்ரூஸி, ஆராயுமுன்பே மறுக்கும் மனப்பான்மை இங்கே வளர்கிறது, மாற்றுக் கருத்தினர்க்கும் இடம் வேண்டும் என்றார். ஓராண்டளவில் அவர் விலக நேர்ந்தது.

பிறக்கும்போது செவ்வாய்க் கோள் நிற்கும் இடத்துக்கும் விளையாட்டு வீரராகப் புகழ்பெறுவதற்கும் தொடர்புண்டு என்று பிரெஞ்சுக்காரர் ஒருவர் கூறிவந்தார். அதைச் சோதிக்க அக்குழுவினர் இறங்கினர். கணக்கில் தவறு நேர்ந்தது, அதை நம்மவர் மறைக்கின்றனர் என்று குழுவிலேயே இருந்த வானியலறிஞர் டென்னிஸ் ராலின்ஸ் 1981இல் வெளிப்படையாக எழுதினார். அவரும் குழுவை விட்டு நீங்க நேர்ந்தது. அந்தச் செவ்வாய்க் கூற்றை அறிவியலார் ஏற்கவில்லை. ராலின்ஸும் சோதிடத்தை நம்பியவரல்லர். தம் பக்கத்துக் கணக்கையும் சரியாகப் போடுங்கள் என்றதே அவர் செய்த பிழை. இறுதியில், 2010இல், அமைப்பை வளர்த்த குர்ட்ஸே உட்பூசலால் அதைவிட்டு விலகினார்.

2011இல் டப்ளின் நகரில் நாத்திகர் மாநாடு ஒன்று நடந்தது. அங்கே சென்ற ரெபெக்கா வாட்சன் என்னும் பெண்மணி, பின்னிரவில் விடுதியின் மின்தூக்கியில் ஓர் ஆடவர் தம்மைத் தனியே அணுகியதைச் சொல்லி, ஆண்கள் இவ்வாறு நடந்துகொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கேட்டது அவ்வளவே. ஆண்டுக்கணக்கில் அவர்மீது பொழிந்த வசை கொஞ்சநஞ்சமன்று. வசைபாடியவருட் பலர் அறிவின் பேரால் அணிதிரண்டவர்களே. மதம் பெண்ணை அடக்குகிறது என்று நமக்குப் பாடம் சொல்ல வருவோர் அம்மாநாட்டு விடுதியையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும்.

கட்டுப்பாடு என்னும் வாதம்

இவற்றுக்கெல்லாம் அவர்கள் தரும் விடை ஒன்றுண்டு. 'பகைவர் நடுவே நிற்கும் இயக்கம் நாங்கள். உள்ளே வாதம் வளர்த்தால் வெளியே தோற்போம். படையில் கட்டுப்பாடு வேண்டாமா?' என்பர். இதனை இலேசாகத் தள்ளிவிட முடியாது. மராட்டியத்தில் நரேந்திர தபோல்கர் 2013இலும், கன்னடத்தில் கல்புர்கி 2015இலும் சுட்டுக் கொல்லப்பட்டனர். பகை மெய்யானதே.

ஆனால் தபோல்கரைச் சுட்டவர் கட்டட நிதியின் கணக்கைக் கேட்டவரல்லரே! கணக்குக் கேட்பவன் வேறு, துப்பாக்கி ஏந்துபவன் வேறு என்று பகுத்தறிய முடியாத பகுத்தறிவு யாருக்குப் பயன்படும்? மேலும், படைக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதுதானே எல்லா மடாதிபதிகளும் எல்லாக் குருமார்களும் எக்காலத்தும் சொன்ன வாதம்? அதை உடைக்கப் புறப்பட்டோர் அதையே கேடயமாக எடுத்துக்கொண்டால், புறப்பட்டதன் பயன் யாது?

தக்லீத் என்னும் அரபுச் சொல்லை நம் வாசகர் அறிவர். ஆதாரம் வினவாது ஒருவரைப் பின்பற்றுதல் அதன் பொருள். தக்லீதின் வகைகளைப் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடுண்டு. ஆயினும் தாங்கள் செய்வது தக்லீத் என்பதையாவது அவர்கள் அறிந்து செய்கிறார்கள். அதைச் செய்துகொண்டே, செய்யவில்லை என்று நம்பிக்கொண்டிருப்பது அதனினும் கொடிது. தலைவர் கடவுளை மறுத்தார் என்பதாலேயே கடவுளை மறுப்பவனுக்கும், பாட்டன் தொழுதான் என்பதாலேயே தொழுபவனுக்கும் அறிவளவில் என்ன வேற்றுமை?

நம் முற்றத்தையும் பார்ப்போம்

இதுவரை படித்த நம் வாசகருட் சிலர் மகிழ்ச்சியோடு தலையசைத்திருப்பர். அவர்கள் மகிழ்ச்சியைக் கெடுப்பதே இனி நம் கடமை. இந்நோய் கடவுள் மறுப்பிலிருந்து முளைத்ததன்று. கணக்குக் காட்டாத அதிகாரம் எங்கே உண்டோ அங்கே அது முளைக்கும், பள்ளிவாசலிலும் முளைக்கும்.

தக்கலைக் கவிஞர் ஹெச்.ஜி. ரசூல் அவர்களுக்கு 2007இல் என்ன நேர்ந்தது? அவர் எழுதிய ஒரு கட்டுரைக்காக ஜமாஅத் அவரை ஊர்விலக்குச் செய்தது. அவர் எழுத்தில் நமக்கும் மறுப்புண்டு. மறுப்புக்குப் பேனா இருக்கிறது. நல்லது கெட்டதிலிருந்து ஒரு குடும்பத்தைத் தள்ளிவைப்பது எந்த முனாஸராவில் கண்ட முறை? தவ்ஹீதின் பேரால் எழுந்த அமைப்புகள் 1990கள் முதல் எத்தனை கூறாயின, ஒவ்வொரு பிரிவின்போதும் கணக்கும் தலைமையும் பற்றிய கேள்விகள் எவ்வாறு நடத்தப்பட்டன என்பதும் நாமறியாததன்று. முத்தவல்லி நாற்காலி தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் ஊர்கள் எத்தனை?

எல்லாவற்றினும் கொடியது ஒன்று. 2017 மார்ச்சில் கோயம்புத்தூரில், முஸ்லிம் குடும்பத்திற் பிறந்து கடவுள் மறுப்பாளராகித் திராவிடர் விடுதலைக் கழகத்திற் பணியாற்றிய ஓர் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் மனைவி மக்களை உடையவர். கைது செய்யப்பட்டோர் நம் பெயர்களைத் தாங்கியவர்கள். அன்று நம் ஜமாஅத்துகளிற் சில கண்டித்தன. பல மௌனம் காத்தன. 'அவன் பேசிய பேச்சுக்கு' என்று இழுத்த நாவுகளையும் நாம் கேட்டோம். நம் நெஞ்சு பதறிற்று. அவர் கேட்டதற்கு விடை இல்லாதவர்கள்தாம் கத்தியை எடுத்தனர். மார்க்கத்துக்கு விடை சொல்லும் ஆற்றல் இல்லையென்று உலகுக்கு அறிவித்தவர்கள் அவர்களே. கருஞ்சட்டையினர் கேள்வி கேட்டவரை வெளியேற்றினர் என்று எழுதும் நம் பேனா, நம் தெருவில் கேள்வி கேட்டவர் கொல்லப்பட்டார் என்பதை எழுதாவிடில் அது பேனாவாகாது.

இமாம் கஸ்ஸாலீ அவர்கள் தம் இஹ்யாவின் அறிவு பற்றிய பகுதியில், வாதிடுவோரைப் பீடிக்கும் பொறாமை, செருக்கு, புறம்பேசல் முதலிய நோய்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார்கள். உண்மையை நாடுபவன் காணாமற்போன பொருளைத் தேடுபவனைப் போன்றவன். அது தன் கையிற் கிடைத்தாலும் பிறர் கையிற் கிடைத்தாலும் மகிழ்வான் என்பது அங்கே அவர்கள் தரும் கருத்து. அவர்களே தம் வாழ்வில் ஏறத்தாழ இரண்டு மாதம் எல்லாவற்றிலும் ஐயங்கொண்டு துன்புற்றதை மறைக்காது எழுதி வைத்தார்கள். அந்த இரண்டு மாதத்தில் அவர்களை ஓர் ஊர் விலக்கி வைத்திருந்தால் இஹ்யா நமக்குக் கிடைத்திருக்குமா?

அந்த மாலைக்குத் திரும்புவோம். மஃரிபுக்கு நேரமாயிற்று. இளைஞரிடம் நாம் சொன்னது இதுதான்: "தம்பி, கேள்வி கேட்கச் சொல்வது எளிது, கேட்கப்படுவது கடினம். அவர்கள் முதலாவதைக் கற்றுத்தந்தார்கள். இரண்டாவதை அவர்களும் கற்கவில்லை, நாமும் இன்னும் சரிவரக் கற்கவில்லை. நீங்கள் கேட்ட கணக்கை எழுத்திலே மறுபடி கேளுங்கள். அவர்கள் மறுத்தாலும் கேட்டது உங்கள் உரிமை. அத்தாவைப் போய்ப் பாருங்கள். கொள்கை வேறு, பெற்றவர் வேறு. அவர் பேசாவிட்டாலும் நீங்கள் சலாம் சொல்லுங்கள்."

"அத்தா பதில் சலாம் சொல்லாவிட்டால்?" என்றார்.

"அப்போது அவருக்குச் சொல்ல வேண்டியதை நாம் வந்து சொல்கிறோம்" என்றோம்.

இதைப் படிக்கும் தந்தையரும் தாய்மாரும் எண்ணிப் பாருங்கள். உங்கள் பிள்ளை ஐயத்தோடு வீடு திரும்பும்போது கதவைச் சாத்தினால், அவன் போய்ச் சேரும் இடத்திலும் ஒரு கதவு சாத்தப்படக் காத்திருக்கிறது. அவன் கேட்பதை உட்கார்ந்து கேளுங்கள். விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள்; தெரிந்தவரிடம் கூட்டிச் செல்லுங்கள். பகுத்தறிவுத் தோழர்களுக்கும் சொல்லுகிறோம்: உங்கள் பொதுக்குழுவின் கதவையும் கணக்கேட்டையும் திறந்து வையுங்கள். விலகிச் சென்றோர் எழுப்பிய வினாக்களுக்கு, அவர்கள் உயிரோடிருக்கும்போதே விடை கூறுங்கள்.

அன்றிரவு இஷாவுக்குப் பின், நம் மதரஸா நிர்வாகத்தாரிடம் சென்று, இவ்வாண்டு ஜகாத்தும் நன்கொடையும் எவ்வளவு வந்தன, எவ்வாறு செலவாயின என்பதை எழுதி வாசற்பலகையில் ஒட்டும்படி கேட்டோம். "ஹஜ்ரத்துக்கு எதற்கு இந்த வேலை?" என்று சிரித்தனர். ஆறு மாதம் ஆயிற்று. பலகை இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. நேற்றும் கேட்டோம். அடுத்த வெள்ளிக்கிழமையும் கேட்போம், இன்ஷா அல்லாஹ்.